நாற்பத்தொன்றாம் படி

அந்த மலைப்பூங்காவுக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு படிகள். அவற்றுள் நாற்பத்தொன்றாம் படி ஆடியது. காலை வைத்தால் இடப்பக்கம் சாயும். எடுத்தால் ‘டக்’கென்று பழைய இடத்துக்கு வரும். நாலு வருடமாக இதே வேலையாக இருந்தது. பூங்கா அலுவலகத்துக்கும் இது தெரியும். தெரியும் என்று கடிதமே கொடுத்திருந்தார்கள்.

ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் ஞாயிறுதோறும் ஐந்து தன்னார்வலர்களோடு அங்கே போய்க் குப்பை பொறுக்குவார், களை பிடுங்குவார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. வீட்டில் இருந்தால் பரணை ஒழிக்கச் சொல்வார்கள், அவ்வளவுதான். ஒரு ஞாயிறு அவர் மனைவியும் கூட வந்தார், அந்தப் படியில் காலை வைத்தார், முட்டி பிசகியது. கட்டுப் போட்ட டாக்டர், “பிரிச்சதும் தினமும் படி ஏறணும்மா. இல்லேன்னா முட்டி மடங்காது” என்றார்.

அடுத்த வாரம் டிரைவர் தன் கூட்டத்திலிருந்த கொத்தனாரை அந்தப் படியருகே உட்காரவைத்தார். நாலு கல், ஒரு சட்டிக் கலவை. பிளாஸ்கில் இருந்த காபி ஆறுவதற்குள் படி அசையாமல் நின்றது.

மறுநாள் பூங்காக் கண்காணிப்பாளர் டிரைவரையும் கொத்தனாரையும் வரச்சொன்னார்.

“நாற்பத்தொன்றாம் படி எங்கே?”

“அங்கேயேதான் சார் இருக்கு.”

“அது நல்ல படி. நான் கேட்கிறது ஆபீஸ் படியை. ஆடுமே, அது.”

“சரி பண்ணிட்டோம் சார்.”

கண்காணிப்பாளர் கண்களை மூடித் திறந்தார். தலையணை கனத்துக்குக் கோப்பு ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“பதினோரு அதிகாரிங்க நாலு வருஷமா ‘படி ஆடுகிறது’ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்காங்க. வியாழக்கிழமை ஆய்வுக்குழு வருது. படி ஆடலேன்னா அந்தப் பதினோரு பேரும் பொய் சொன்னதா ஆகுமா, ஆகாதா?”

“ஆகும் போலத்தான் இருக்கு.”

“உங்க வீட்டம்மா ஒருத்தர் முட்டிக்காகப் பதினோரு குடும்பம் தெருவுக்கு வரணுமா?”

முப்பது வருடம் பஸ் ஓட்டி ஒரு கோழிமேல்கூடச் சக்கரம் ஏற்றாதவர் டிரைவர். “இப்ப என்ன சார் பண்ணணும்?”

“உரிய சேதத்தை உரிய இடத்தில் உரிய முறையில் மீண்டும் ஏற்படுத்தித் தரணும்.”

கட்டுவதற்கு அரை மணி ஆன படியைக் கெடுக்க மூன்று நாள் ஆனது. கோப்பில் இருந்த புகைப்படத்தை ஒரு கையிலும் உளியை மறு கையிலும் பிடித்துக் கொத்தனார் வியர்த்தார். கண்காணிப்பாளர் மணிக்கொரு தரம் வந்து ஏறி நின்று பார்த்தார். “ஆட்டம் பத்தாது... இப்ப கொஞ்சம் அதிகம்... ‘டக்’ சத்தம் எங்கேய்யா?”

வியாழக்கிழமை குழுத் தலைவர் படியில் காலை வைத்தார். சாய்ந்தது. எடுத்தார். ‘டக்.’ அவர் முகம் மலர்ந்தது.

“நாலு வருஷமா துளிகூட மாறாம வெச்சிருக்கீங்களே! இதைப் பராமரிச்சது யாரு?”

கண்காணிப்பாளர் டிரைவரை முன்னால் தள்ளினார்.

பத்தே நாளில் உத்தரவு வந்தது. நாற்பத்தொன்றாம் படி ‘பாதுகாக்கப்பட்ட சேதம்’ ஆனது. சுற்றிலும் கயிறு, பக்கத்தில் பலகை. டிரைவருக்கு ஒரு தொப்பி, ஒரு விசில், ‘முதன்மைத் தன்னார்வலர்’ என்று ஒரு பட்டை. மற்றவர்களுக்கு முறை போட்டுக் காவல். குப்பை பொறுக்க இனி ஆள் இல்லை.

பலகையைப் பார்த்ததும் ஊர் திரண்டது. காலை நடைக்கு வருபவர்கள் படியோடு படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு தியான ஆசிரியர், ஆடும் படியைப் பார்த்துக்கொண்டே ஆடாமல் நிற்பது மனத்துக்கு நல்லது என்று வகுப்பு தொடங்கினார். அந்தக் கூட்டத்தின் மிதி தாங்காமல் முப்பத்தொன்பதாம் படியும் நாற்பத்துநாலாம் படியும் ஆட ஆரம்பித்தன. அவற்றுக்குக் கோப்பு இல்லாததால் அவை ஆடவில்லை என்று அலுவலகம் தெரிவித்தது.

டிரைவர் தினமும் தொப்பிக்கு இஸ்திரி போட்டார். கட்டுப் பிரித்த மனைவி அதைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: “என்னங்க, நான் எப்படிப் படி ஏறுறது?”

“கயித்துக்கு வெளியே ஓரமா வா. கூட்டம் இல்லாதப்ப நானே சொல்றேன்.”

“கூட்டம் எப்ப இருக்காது?”

“நான் காவல் இல்லாதப்ப” என்றார் டிரைவர், பெருமையாக.

மறுநாள் மனைவி கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு, தாங்கித் தாங்கி ஏறிப்போய் நாற்பத்துநாலாம் படியில் உட்கார்ந்தார். கொத்தனார் கரண்டியை எடுத்தார்.

விசில் பறந்தது.

“யாரைக் கேட்டு வேலை நடக்குது?” டிரைவர் இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தார்.

“என்னங்க, நான்தாங்க.”

“யாரா இருந்தாலும் மனு கொடுக்கணும்.” சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவருக்கே தெரிந்தது. காது சுட்டது. ஆனால் தொப்பி தலையில் இருந்தது; சுற்றிலும் இருநூறு பேர் பார்த்தார்கள். “மூணு பிரதி” என்றும் சேர்த்துக்கொண்டார்.

டிரைவர் வீட்டு அம்மாள் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். தனக்காக யாராவது நாலு வார்த்தை கேட்பார்கள் என்று நம்பினார். ஒருவர் கேட்கவும் செய்தார்:

“சார், அந்த மனு எங்கே குடுக்கிறாங்க?”

டிரைவர் கீழே கைகாட்டினார். அவ்வளவுதான். தியான வகுப்பு கலைந்தது. படம் எடுத்தவர்கள் ஓடினார்கள். எதற்கு மனு என்று தெரியாதவர்கள் எல்லோருக்கும் முன்னால் ஓடினார்கள். அலுவலக வாசலில் தொடங்கிய வரிசை இருபதாம் படிவரை ஏறியது.

கொத்தனார் கரண்டியைத் துடைத்துப் பையில் போட்டார். அம்மாள் முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கி, வரிசையின் வாலில் போய் நின்றார். நின்ற மறுகணமே ஒரு குடைக்காரர் இடையில் நுழையப் பார்த்தார்.

“யோவ், ஒழுங்கா வரிசையில வாய்யா!” என்று கத்தினார் அம்மாள்.