வடக்கனந்தலில் இருமல் கட்டுக்குள் இருக்கிறது

வடக்கனந்தல்,
புதன்கிழமை.

களமருதூர் மாப்பிள்ளை பிரவீன்குமார் அவர்களுக்கு மாமனார் ராமசாமி எழுதுவது. இங்கு நானும் உங்கள் அத்தையும், ஒரு கிடாரி நீங்கலாக மாடுகளும் சௌக்கியம். அங்கு நீங்களும் செந்தமிழ்ச்செல்வியும் குழந்தையும் அப்படியே இருக்க வேண்டும்.

குழந்தையின் பாலுக்கு நான் தருவதாகச் சொன்ன பசு இரண்டு முறை தள்ளிப்போனதில் சம்பந்தியம்மாளுக்கு வருத்தம் என்று அறிந்தேன். இனித் தள்ளிப்போகாது. சனிக்கிழமை வண்டியோடு வாருங்கள். நடந்தது என்னவென்றால், எங்கள் கிடாரிக்கு இருமல், மூக்கில் சளி, காய்ச்சல். கால்நடை டாக்டர் கோகிலவாணி வந்து, இது தொற்று, தனியாகக் கட்டுங்கள், தெரு மாடுகளையும் கவனித்து நோட்டில் எழுதுங்கள் என்றார். புளியமரத்தடியில் தனியாகக் கட்டினேன். உடனே தெருவே நலம் விசாரிக்க வந்துவிட்டது. எதிர்வீட்டு ரங்கம்மாள் புல்லோடு வந்து அதன் மூக்கைத் தடவினாள். தொடக்கூடாது என்றேன். "இன்னாங்க பேசுறீங்க, ஒடம்பு முடியாம ஒண்டியா நின்னுகினு இருக்குது. பாக்காம போனா நாளைக்கு என் மாட்டுக்கு ஒண்ணுன்னா யாரு வருவாங்க?" என்றாள். நியாயம்தானே. மற்ற மாடுகளைப் பார்க்க நானே வீடு வீடாகப் போனேன். நாளுக்கு நான்கு வீடு, ஒவ்வொரு மாட்டின் மூக்கையும் என் கையாலேயே தொட்டுப் பார்த்து நோட்டில் ஏற்றினேன். நேற்று மட்டும் ஒன்பது புது இருமல் கண்டுபிடித்தேன் மாப்பிள்ளை, முன்பு ஒன்றைக் கண்டுபிடிக்கக்கூட இந்தத் தெருவில் ஆள் கிடையாது. "பேத்திக்குப் பல்லு மொளைச்சதக் கேக்கல, மாட்டு மூக்க எண்ணிக்கினு திரியறாரு" என்கிறாள் உங்கள் அத்தை. பொறாமை. உங்கள் பசுவை மட்டும் தினம் ஐந்து முறை தொட்டுப் பார்க்கிறேன். சனிக்கிழமை நானும் அதோடு வண்டியேறி வந்து, உங்கள் தெரு மாடுகளையும் பார்த்துக் கொடுத்துவிடுகிறேன்.

சம்பந்தியம்மாளுக்கு என் வணக்கம். பேத்தி பாலும் பருப்புமாக வளர்ந்து நூறாண்டு இருக்கட்டும்.

இப்படிக்கு,
ராமசாமி

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் டாக்டரம்மா வந்தார். நோட்டைப் பெருமையாக நீட்டினேன். வெகுநேரம் படித்தார். நான் வீடு வீடாகப் போன வரிசையிலேயே, ஐந்து நாள் பின்னால் இருமலும் போயிருக்கிறதாம். உங்கள் பசுவுக்குக் காலையிலிருந்து காய்ச்சல். ஆகவே வண்டி வேண்டாம். நான் மட்டுமாவது களமருதூர் போய் மாப்பிள்ளையிடம் நேரில் சொல்லிவிட்டு வருகிறேனே என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். "அங்க எத்தினி மாடுங்க இன்னும் நல்லா இருக்குது?" என்றார்.