கஸ்தூரிக்கு இரண்டாம் இடம் கொடுத்த கம்ப்யூட்டர்

வெள்ளானூர், ஆவடி வழி.
மாட்டுப்பொங்கலுக்கு மறுவாரம்.

மதிப்பிற்குரிய சம்பந்தி சம்பத் அவர்களின் சமூகத்திற்கு, கோதண்டம் கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் மனைவி கஸ்தூரியும், தங்கள் மாப்பிள்ளை கிஷோரும், தங்கள் மகள் வர்ஷாவும் சுகம். அங்கே நாமக்கல்லில் தாங்களும் சம்பந்தியம்மாவும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். போனில் பேசினால் கஸ்தூரி பக்கத்தில் நின்றுகொண்டு வரிக்கு வரி திருத்தம் சொல்வாள். தங்கள் மகளைப் பற்றி நான் சொல்லப்போவதில் ஒரு எழுத்துகூடக் குறையக்கூடாது என்பதால்தான் பேனாவை எடுத்தேன்.

விஷயம் எங்கள் குடியிருப்பின் பொங்கல் கோலப்போட்டி. நான் சங்கத்துச் செயலாளர் என்பது தங்களுக்குத் தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டில் காலமெல்லாம் தரக்கட்டுப்பாட்டில் இருந்தவன், மார்க் போடுவதை மட்டும் மற்றவர்கள் இஷ்டத்துக்கு விட்டுவிட முடியுமா? அதனால் தொழிற்சாலை முறையையே கொண்டுவந்தேன். எல்லாருக்கும் முதலில் பத்து மார்க். பிழைக்குப் பிழை கழித்துக்கொண்டே வரவேண்டும். நடுவர் ஞானம்மாள் டீச்சர் பிழையைச் சொல்லச் சொல்ல நான் ஸ்ப்ரெட்ஷீட்டில் அடிப்பேன், யாருக்கு எந்த இடம் என்பதை ஷீட்டே சொல்லும், மனிதர் யாரும் வாயைத் திறக்கக்கூடாது, மெஷின் சொன்னதுதான் தீர்ப்பு என்று மைக்கில் வேறு அறிவித்துவிட்டேன். கஸ்தூரி ஒரு புள்ளியை வைக்காமலே விட்டுவிட்டாள், அதற்கு டீச்சர் ஒரே வெட்டாக 0.3 குறைத்தார். எதிர்வீட்டு அனுசுயாவுக்கு வண்ணம் கலைந்ததற்கு 0.1, கோடு அறுந்ததற்கு 0.2. ஆக இருவருக்கும் 9.7. ஒன்றாம் வகுப்புக் கணக்கு. ஆனால் ஷீட் என்ன சொன்னது தெரியுமா? அனுசுயா முதலிடம், கஸ்தூரி இரண்டாமிடம். நானும் வாக்குக் கொடுத்தவன் ஆயிற்றே, கோப்பையைத் தூக்கி அனுசுயா கையில் கொடுத்துவிட்டேன். கைதட்டலும் வாங்கிவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் நடந்ததை எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன். "ஊட்ல கீற பொண்டாட்டிக்கு ரெண்டாவது, எதுத்த ஊட்டுக்காரிக்கு கப்பு. ஒம்போது ஏழுக்கும் ஒம்போது ஏழுக்கும் இன்னாயா வித்தியாசம்? எனுக்கு ஒரு புள்ளி உட்டுப்போச்சு, ஒத்துக்கிறேன். உனுக்கு கண்ணே உட்டுப்போச்சா?" என்று ஆரம்பித்தவள், மதியத்துக்குள் பேச்சையே நிறுத்திவிட்டாள். கத்தினால்கூடத் தாங்கலாம் சம்பந்தி, கஸ்தூரி பேசாமல் இருந்தால் வீட்டுக்குள் காற்றே வராது. கிஷோர் இதில் தலையிட விரும்பாமல், அண்ணனூரில் யாரையோ பார்க்கவேண்டும் என்று பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அண்ணனூரில் அவனுக்கு ஆள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

நானும் சும்மா இருக்கவில்லை. கம்ப்யூட்டரை அணைத்துத் திரும்பப் போட்டேன். எண்களை அழித்துவிட்டு மறுபடி அடித்தேன். தசமத்துக்குப் பின்னால் இடங்களைக் கூட்டிப் பார்த்தேன், இரண்டு வரிசையிலும் ஏழுக்கு அப்புறம் சைபராக ஓடியதே தவிர ஒன்றும் அகப்படவில்லை. இரண்டும் சமமா என்று ஷீட்டையே கேட்டேன், சமம் என்றது. அப்படியானால் இடம் சொல் என்றேன், கஸ்தூரி இரண்டு என்றது. மைக்ரோமீட்டருக்குத் தெரியாத வித்தியாசத்துக்காக நான் ஒரு பீஸைக்கூடத் திருப்பி அனுப்பியதில்லை. இந்தப் பெட்டி என் பெண்டாட்டியைத் திருப்பி அனுப்புகிறது!

இந்த இடத்தில்தான் வர்ஷா வந்தாள். தங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன், கல்யாணமாகி வந்த நாள் முதல் கஸ்தூரிக்கும் வர்ஷாவுக்கும் நடுவில் சண்டை கிடையாது, பேச்சும் கிடையாது. "சாப்டியா", "சாப்டேன் அத்தை", அவ்வளவுதான். ஐ.டி. கம்பெனிப் பெண் நம் வீட்டில் ஒட்டுமா என்று கஸ்தூரிக்கு ஒரு பயம், எனக்கும் உண்டு. அன்றைக்கு வர்ஷா நாற்காலியை இழுத்து உட்கார்ந்ததும், கஸ்தூரி வாசற்படியில் நின்று, "நீ யாரு பக்கம் பேசப்போற, அத மொதல்ல சொல்லு" என்றாள். வர்ஷா திரும்பிப் பார்த்து, "இன்னும் பாக்கலியே அத்தை. நீங்க ரெண்டாவதுன்னா ரெண்டாவதுன்னுதான் சொல்வேன்" என்றாள். கேட்டீர்களா சம்பந்தி! அந்த வார்த்தையைச் சொல்ல நான் கல்யாணமான நாளிலிருந்து முயன்று வருகிறேன், இன்னும் வாய் வரவில்லை.

என்ன நிதானம், என்ன பொறுமை! நான் அடித்ததில் ஒன்றையும் அவள் அழிக்கவில்லை, என்னைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. பக்கத்துக் கட்டத்தில் ஒரு மார்க்கிலிருந்து இன்னொன்றைக் கழித்தாள், சைபர் வந்தது. அதையே அடைப்புக்குறிக்குள் போட்டுக் கழித்தாள், ஒளிந்திருந்த எலி வெளியே வந்துவிட்டது. தசமத்துக்குப் பின்னால் பதினான்கு சைபர், அதற்கப்புறம் ஒரு ஒன்று. அவ்வளவு வித்தியாசத்துக்குத்தான் கோப்பை எதிர்வீட்டுக்குப் போயிருக்கிறது.

"மாமா, நாம ஒண்ண மூணால வகுத்தா மூணு மூணுன்னு முடியாம ஓடும்ல? கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ரெண்டு ரெண்டாத்தான் எண்ணும். அதுக்கு பத்துல ஒரு பங்கே முடியாம ஓடும். எங்கயாவது நிறுத்தித்தானே ஆகணும், அப்ப துளி கூடும், இல்ல குறையும். அத்தைக்கு ஒரே தடவையா கழிச்சீங்க, அனுசுயா ஆன்ட்டிக்கு ரெண்டு தடவையா கழிச்சீங்க. துளி அவங்க பக்கம் ஒதுங்கிருச்சு. பாக்கும்போது ரவுண்டா காட்டும், உள்ள வேற வச்சிருக்கும்" என்றாள். இத்தனை வருடம் எனக்கு யாராவது இப்படிச் சொல்லிக்கொடுத்திருந்தால் நான் மேனேஜராகவே ரிட்டயர் ஆகியிருப்பேன். பிறகு மொத்த மார்க்கைச் சுற்றி ரவுண்ட் என்று ஒரு வார்த்தை, கடைசியில் ஒரு தசமம் போதும் என்பதற்கு 1 என்று ஓர் எண். தட்டினாள். கஸ்தூரி 1. அனுசுயா 1.

நான் கஸ்தூரியைப் பார்த்தேன். "அப்ப நானும் ஃபர்ஸ்ட்டா?" என்றாள். "நீங்களும்தான் அத்தை. அவங்களும்தான்" என்றாள் வர்ஷா. அப்புறம் கஸ்தூரி, "காபிக்கு உனுக்கு சக்கர எவ்ளோ போடறது? இத்தினி நாளா நானே போட்டுக்கினு கீறேன், நீயும் வாயத் தொறந்து சொல்லல" என்றாள். வர்ஷா அரை ஸ்பூன் என்றாள். இத்தனை மாதமாக அந்தக் குழந்தை எங்கள் வீட்டுப் பாயசத்தைக் காபி என்று குடித்திருக்கிறது! எனக்குக் கண் கலங்கிவிட்டது. கோப்பை ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே என்று அனுசுயாவும் பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். இப்படி ஒரு பெண்ணை வளர்த்துக் கொடுத்ததற்குத் தங்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் நான் என்ன கைம்மாறு செய்வேன். அந்த ரவுண்ட் வித்தையை நானும் ஐயமறக் கற்றுக்கொண்டுவிட்டேன். இனிச் சங்கத்துக் கணக்கில் ஒரு தப்பு வராது என்பதைத் தங்களுக்கு உறுதியாகச் சொல்லுவேன்.

சம்பந்தியம்மாவுக்கு எங்கள் வணக்கம். வீட்டில் சிறியவர்களுக்கு ஆசிகள். தங்கள் இருவர் காதிலும் எப்போதும் என் மருமகளைப் பற்றி நல்ல சேதியே விழட்டும்.

தங்கள் அன்பை என்றும் நாடும்,
கோதண்டம்.

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் எழுதுகிறேன். ஐயமறக் கற்றுக்கொண்டேன் என்று மேலே எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடவும். இறுதிப் பட்டியல் பார்க்கச் சுத்தமாக இருக்கட்டும் என்று ரவுண்டில் தசமத்துக்காக வர்ஷா போட்ட அந்தக் கடைசி 1-ஐ எடுத்துவிட்டு 0 போட்டு, குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் அனுப்பிவிட்டேன். ஞானம்மாள் டீச்சருக்குக் கைவீசிக் குறைக்க மனசு வராது, ஆகவே ஒன்பதரைக்குக் கீழே யாருமில்லை. தசமம் போய் எல்லாம் முழு எண்ணுக்கு ஏறி, இப்போது போட்டியிட்ட அத்தனை பேருக்கும் பத்து, அத்தனை பேரும் முதலிடம். கோலத்தைப் பாதியில் விட்டுவிட்டு லாரித் தண்ணீர் பிடிக்க ஓடிய கெங்கம்மாள் முதல் ஆளாக வாசலில் நின்று, "கப்பு எங்க நைனா?" என்று கேட்கிறார். அவருக்குப் பின்னால் வரிசை லிஃப்ட் வரைக்கும் போகிறது. கஸ்தூரி மறுபடியும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஆனால் சமையலறையில் பேச்சுச் சத்தம் கேட்கிறது. "அத்தை, மாமாகிட்டேருந்து அந்த ஷீட்டோட பாஸ்வேர்ட வாங்கிடலாமா?" என்கிறாள் வர்ஷா. "மொதல்ல அத செய்யி கண்ணு, நானும் கூட வரேன்" என்கிறாள் கஸ்தூரி. இருவரும் சேர்ந்து வந்துகொண்டிருக்கிறார்கள்.