ஒரு லட்சத்து ஒன்றை வகுத்தவன்

கோவில்பட்டி
14.6.1996

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

இங்கு நான், ஜானகி, மகள் விஜி மூவரும் உயிரோடு இருக்கிறோம். அதற்கு மேல் சுகம் என்று எழுத உங்கள் மகன் பாலகணேஷ் இடம் வைக்கவில்லை. அக்காவுக்கு முட்டுவலி தேவலையா?

நேற்று விஜிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா கழுகுமலை நல்லக்கண்ணு அண்ணாச்சியும் நம்மைப் போலத் தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர். கல்யாணத்தோடு இரண்டு ஆபீஸும் சேர்ந்து புது லேபிள் போடுவதாகப் பேச்சு. பேர் '1,00,001'. மொய்யில் ஒன்று கூட்டுகிற மாதிரி லட்சத்தோடு ஒன்றைக் கூட்டினோம். எத்தனை பங்கு போட்டாலும் மீதி நிற்கும், குடும்பம் பிரியாது என்று நம்பிக்கை. சிவகாசியில் அச்சடித்த லேபிளை வெற்றிலையோடு தாம்பாளத்தில் வைத்தாயிற்று.

மாமன் வீட்டு விசேஷத்துக்கு வந்தவன் சாப்பிட்டோமா போனோமா என்று இருக்க வேண்டாமா? எம்.எஸ்ஸி. கணக்காம். லேபிளை எடுத்து உற்றுப் பார்த்தான். "மாமா, இது பதினொண்ணால மீதியில்லாம வகுபடுதே. பங்குக்கு ஒம்பதாயிரத்துத் தொண்ணூத்தியொண்ணு" என்றான். "அப்ப பிரியுமா?" என்று அண்ணாச்சி எழுந்துவிட்டார். நான் பதறிப்போய், "ஏலே, பத்து லட்சத்து ஒண்ணு வச்சா?" என்றேன். "நூத்தியொண்ணால வகுபடும் மாமா." "கோடியே ஒண்ணு?" "அது திரும்பப் பதினொண்ணு." விடாமல் பத்துக் கோடிக்குப் போனேன். தாம்பூலப் பையின் மேலேயே கணக்குப் போட்டு, பாயசம் ஆறுவதற்குள் பதினேழு என்று வந்து நிற்கிறான்! அண்ணாச்சியின் அம்மா வெயிலம்மாள் சேலையை உதறிக்கொண்டு, "இவிய வைக்கிற எண்ணெல்லாம் பிரியுத எண்ணால்லா இருக்கு! எந்திரிங்கய்யா" என்றார். தட்டு மாற்றாமலே வேன் ஏறிப் போய்விட்டார்கள்.

வயித்தெரிச்சலா இருக்கு அத்தான். எம் பொண்ணு வாழ்க்கையை வகுத்துப் பாக்கத்தான் அவனைப் படிக்க வச்சியளா? வேலை வெட்டி கிடையாது, கேட்டா ஆராய்ச்சியாம். போன வருசம் அக்கா விஜியைக் கேட்டு நான் குடுக்க மாட்டேன்னு சொன்னேன்லா, அதுக்குப் பழி வாங்குதியளோ? ஒரே ஒரு பொய் சொன்னா அவன் நாக்கு அழுகியா போயிரும்? விஜி நேற்றிலிருந்து கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். இனி உங்கள் மகன் என் படியை மிதிக்கக் கூடாது. உங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கு நானும் வர மாட்டேன்.

அக்காவுக்கு வணக்கம். அந்தப் பயலுக்கும் ஆசீர்வாதம். தாய்மாமனாச்சே, சபிக்க வாய் வரவில்லை.

இப்படிக்கு,
பெருமாள்சாமி

பி.கு.: மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம். கவரை ஒட்டப் போகும்போது விஜி கதவைத் திறந்து வந்தாள். அழுத முகமாகத் தெரியவில்லை. "அத்தனை பெரிய மனுசங்க கூடின சபையில பொய் சொல்லாத ஆளு அத்தை மவன் ஒருத்தருதாம்ப்பா இருந்தாவ. எனக்கு அவியதான் வேணும்" என்கிறாள். ஆயிரத்தொன்று முதல் நாங்கள் அடுக்கிய பத்துக் கோடியே ஒன்று வரை எல்லாம் பிரியுமாம்; பதினொன்றும் நூற்றியொன்றும் மட்டும் பிரியவே பிரியாதாம். அவன்தான் சொன்னானாம். எப்போது சொன்னான் என்று நான் கேட்கவில்லை. வருகிற முகூர்த்தத்துக்கு அக்காவை அழைத்துக்கொண்டு வாருங்கள். பரிசத் தட்டில் நூற்றியொன்று போதும். கூட வைத்தால் மாப்பிள்ளையே வகுத்துவிடுவார்.