சோழகக் காற்றில் மூன்று தட்டுகள்

குருநகர்,
1992 ஆடி.

அன்பு மருமகன் கனிசியசுக்கு,

மாமா கிறகோரி எழுதிக்கொள்வது. மாதாவின் துணையால் நாங்கள் இங்கே உயிரோடும், மண்ணெண்ணெய் இல்லாமலும் சுகமாக இருக்கிறோம். கனடாவில் நீரும் குளிரோடும் சம்பளத்தோடும் சுகமாக இருக்க வேண்டுமென்று செபமாலையில் உமது பெயரையும் மறவாமல் சேர்த்துக்கொள்கிறோம்.

லூர்த்தம்மா கொழும்பிலிருந்து கொண்டுவந்த உமது பொதி பழுதில்லாமல் கிடைத்தது. நீர் என் தங்கை அருமைநாயகியின் மகன். முறைக்கும் என் மகள் யோசப்பின் உமக்குத்தான். போகும்போது “வந்து கட்டுறன் மாமா” என்று சொல்லிவிட்டுப் போனவர், பிறகு மூன்று வருடமாக அதைப் பற்றி மூச்சே விடவில்லை. ஆகவே பொதியை அவிழ்க்க முன்னர் உமது மாமி மாதா படத்துக்கு மெழுகுதிரி கொளுத்தினாள். நான் மோதிரம் என்று நினைத்தேன், அவள் தாலிக்கொடி என்று நினைத்தாள், உள்ளே இருந்தவை சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று பிளாஸ்ரிக் தட்டுகள். மாமி ஒன்றைக் கவிழ்த்துப் புட்டு வைத்துச் சொதி விட்டுப் பார்த்தாள். விளிம்பு குட்டை என்பதால் சொதி மடியில் வந்தது.

பிறகுதான் கடிதத்தைப் படித்தோம். அங்கே பூங்காவில் சங்கிலி தொங்கும் இரும்புக் கூடைக்குள் தட்டெறிவது ஒரு விளையாட்டு என்றும், அதில் போட்டி வருகிறதென்றும், இவை மூன்றும் தூரத்துக்கு எறிகிற தட்டுகள், கடைசியில் பிடிவாதமாக இடப்பக்கம் திரும்புகிற சாதி என்றும், எதிர்க்காற்றில் எது நன்றாக நிற்கும் என்று குருநகர்ச் சோழகக் காற்றில் எறிந்து பார்த்து எழுதும்படியும் கேட்டிருந்தீர். யோசப்பினைப் பற்றி இருந்தது “மச்சாளையும் கேட்டதாகச் சொல்லவும்” என்ற ஒரு வரி. அந்தத் தட்டுகளின் இடத்தில் எத்தனை சவர்க்காரம் வந்திருக்கும் என்று மாமி இன்னும் முணுமுணுக்கிறாள். நான் அப்படி நினைக்கவில்லை. கனடா மாப்பிள்ளை மாமனிடம் ஒரு அலுவலை ஒப்படைத்தால் அது பரீட்சை. தட்டுச் சரிவந்தால் கலியாணமும் சரிவரும் என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

எறிந்த இடம் உமக்குத் தெரிந்த வலை காயப்போடும் வெளி. கடலைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் செபநாயகத்தின் கருவாட்டுப் பாய்கள், வலப்பக்கம் கவிழ்த்துப் போட்ட பழைய வள்ளங்கள். நான் வலக்கையால் எறிந்தேன். காற்று ஓய்ந்திருந்த காலையில் சிவப்பு நேரே நெடுந்தூரம் போய், விழப்போகிற நேரத்தில்தான் இடப்பக்கம் வளைந்தது. மஞ்சள் பாதி வழியிலேயே வளைந்தது. நீலம் கையை விட்டதும் கோபித்துக்கொண்டு போகிற சம்பந்தி மாதிரி இடப்பக்கம் வெட்டிக்கொண்டு ஓடியது. மத்தியானம் சோழகம் எழும்பியதும் எல்லாம் தலைகீழ். சிவப்பு எதிர்க்காற்றில் வலப்பக்கம் புரண்டு தடுமாறியது, மஞ்சள் கொஞ்சம் தாக்குப்பிடித்தது, காலையில் உதவாது என்று நான் ஒதுக்கிய நீலம் காற்றைக் கிழித்துக்கொண்டு நேரே போய் முடிவில் மட்டும் மரியாதையாக இடப்பக்கம் சாய்ந்தது. போன வழி எதுவானாலும் பெரும்பாலும் விழுந்தது செபநாயகத்தின் சூடைக் கருவாட்டில். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து நின்றார். “தட்டெறியிறது கனடாவிலை, கிறகோரி. இஞ்சை கருவாடு காயிறது” என்றார்.

அதற்குள் என் தோள் பிடித்துக்கொண்டது. மண்டைதீவிலிருந்து இடம்பெயர்ந்து வந்து பங்கு மண்டபத்தில் இருக்கிற சிமியோன் என்கிற பொடியன் வீச்சுவலைக்காரன், இடுப்பைத் திருப்பி எறியத் தெரிந்தவன், அவனைக் கேட்கலாமே என்று யோசப்பின் சொன்னாள். நல்ல யோசனை. அவன் எறிந்தான். தட்டு என்னுடையதைவிட எவ்வளவோ தூரம் போய், வலப்பக்கம் திரும்பியது. மூன்றும் வலப்பக்கம். எனக்குத் தலை சுற்றியது. ஓய்வுபெற்ற நிலஅளவையாளர் தம்பிஐயா, வெயிலுக்குப் பிளாஸ்ரிக் இளகிவிட்டதென்று தட்டுகளை வாளித் தண்ணீரில் ஊறப்போட்டார். செபநாயகம் தன் கருவாட்டுக்காக மாதா செய்த புதுமை என்று கோயிலுக்கு ஓடினார். இயக்கப் பொடியள் இருவர் சைக்கிளில் வந்து, இது எவ்வளவு பாரம் தூக்கும் என்று விசாரித்தார்கள். புட்டுக்குக்கூட உதவாது என்று மாமி சாட்சி சொன்ன பிறகுதான் போனார்கள்.

கடைசியில் யோசப்பின்தான் விளங்கப்படுத்தினாள். சிமியோன் எறிவது இடக்கையால், தட்டு மறுபக்கம் சுழல்கிறது, ஆகவே மறுபக்கம் திரும்புகிறது. அவ்வளவு பேரும் தட்டையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, இவள் ஒருத்தி அவன் கையைக் கவனித்திருக்கிறாள். என்ரை பிள்ளையின் கூர்மையை நினைத்து எனக்குப் பெருமையாக இருந்தது.

வலப்பக்கம் விழுவதில் ஒரு சங்கடம், வள்ளங்களுக்குப் பின்னால் தட்டுத் தேடுவது லேசில்லை. பாம்பு பூச்சி இருக்குமென்று யோசப்பினுக்குத் துணையாகச் சிமியோனையும் அனுப்பினேன். அப்படியும் சிவப்பைக் கண்டுபிடிக்கச் சில நாட்களில் பொழுது சாய்ந்துவிடும். ஒருநாள் ஆமியின் ஹெலிகொப்டர் வந்து சுற்றியது. நானும் செபநாயகமும் நீலத் தட்டும் ஒரு பதுங்கு குழிக்குள் பாய்ந்தோம். அவர்கள் வள்ளங்களுக்குப் பக்கத்துக் குழியில். ஹெலி போய் வெகுநேரமாகியும் அவர்கள் வெளியே வரவில்லை. பிள்ளைகள் அவதானமாக இருக்கிறார்கள் என்று ஆறுதல் பட்டேன்.

ஆகவே மருமகன், முடிவு இதுதான். காற்றில்லாத நாளில் சிவப்பு, எதிர்க்காற்றில் நீலம், மஞ்சளை உமக்குப் பிடிக்காத யாருக்காவது கொடுத்துவிடும். எவ்வளவு தூரம் போனாலும் கடைசியில் திரும்புகிற சாதி என்று நீர் எழுதியது முழு உண்மை. உம்மைப் பற்றியும் வீட்டில் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். யோசப்பினுக்கு இருபத்தெட்டு வயதாகிறது. உம்மை நம்பி வந்த சம்பந்தங்களையெல்லாம் வேண்டாமென்று அனுப்பினேன். வாய்விட்டுக் கேட்க வெட்கமாக இருக்கிறது, என்றாலும் கேட்கிறேன், கலியாணத்தை எப்போது வைக்கலாம்? அடுத்த கடிதத்தில் தட்டைப் பற்றி ஒரு வரியும் என் மகளைப் பற்றி இரண்டு வரியும் எழுதும்.

காணாமற்போனதைக் கண்டெடுத்துக் கொடுக்கிற அந்தோனியார் உமது வாயையும் கண்டெடுத்துத் தருவாராக.

உமது அன்பு மாமா,
எஸ். கிறகோரி
(ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கடற்றொழிலாளர் சங்கம்)

பி.கு.: லூர்த்தம்மாவிடம் கொடுக்க முன்னர் எழுத்துப்பிழை பார்க்கச் சொல்லி இதை யோசப்பினிடம் நீட்டினேன். முழுவதும் வாசித்துவிட்டு, திரும்புகிற சாதி என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

“உது ஒருக்காலும் எறிஞ்ச ஆளிட்டைத் திரும்பி வந்ததேயப்பா? தூரப்போய் ஒரு பக்கமாச் சரிஞ்சு விழுகுது. ஆரும் நடந்துபோய் எடுக்கவேணும். சிமியோன் ஒவ்வொருக்காலும் என்னோடை நடந்து வந்தவர்” என்றாள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமிக்கு முதலே தெரியுமாம். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால், நீங்கள் தட்டையல்லவா பார்த்துக்கொண்டிருந்தீர்கள் என்கிறாள். பொடியனுக்கு வீடில்லை, வள்ளமில்லை, ஊருமில்லை. எனக்கு முதலில் கோபம் வந்தது, பிறகு அழுகை வந்தது, இரவு சாப்பிடும்போது மகளின் முகத்தைப் பார்த்தேன், சந்தோஷம் வந்துவிட்டது. வருகிற ஞாயிறு பூசையில் சுவாமி அவர்கள் இருவருக்கும் முதல் கலியாண ஓலை வாசிக்கிறார். மேலே நான் கேட்ட கலியாணக் கேள்வியை நீரே வெட்டிவிடும். இங்கே தாளுக்குத் தட்டுப்பாடு, திருப்பி எழுத வழியில்லை. சிவப்பும் மஞ்சளும் மாமியின் சட்டிகளுக்கு மூடியாகிவிட்டன. நீலத்தை மாப்பிள்ளை கேட்டான், கொடுத்துவிட்டேன்.

போட்டியன்று எதிர்க்காற்றென்றால் அங்கே இன்னொரு நீலம் வாங்கி அதையே எறியும். எறிந்ததை எடுக்க மட்டும் நீரே நடந்து போம்.