பேகத்தைக் காத்த வலைமதிற் படலம்

ஆழியனைத்தும் அயர்ந்து வந்து ஒதுங்கும் திருக்கோணமலைத் துறைமுகத்துக்கு அணித்தாய், கொள்கலன் சுமந்த லொறிகள் மதங்கொண்ட களிறுகளெனப் பிளிறியோடும் கண்டி வீதியின் ஓரத்ததாய் விளங்கும் பாலையூற்றுப் பதியிலே, மீன்கூடு பின்னிப் பின்னி முறுக்கேறிய விரல்களும், உப்புக்காற்று உரமிட்டு வளர்த்த மீசையும், இல்லாள் குரல் கேட்டால் மட்டும் சற்றே தளரும் முழங்கால்களும் படைத்த பெருவீரர் றஊப் வாழ்க! அவர் கைச்சுத்தியல் வாழ்க! அச்சுத்தியல் அடிக்கடி ஆணியென்று மயங்கும் அவர் பெருவிரலும் வாழ்க, வாழ்க!

அவ்வில்லத்தின் அரசுக்கட்டில் றஊப்புக்குரியதன்று. அதில் வீற்றிருந்தவள் பேகம் என்னும் பூனை. தயிர்நிற மேனியாள், நெத்தலிக் கருவாட்டை நாலு வீட்டுக்கப்பாலும் நுகரும் நுண்மூக்கினாள், வீதி காணும் வேட்கையால் மதில் கடந்து, லொறிச் சக்கரத்துக்குப் பாதி வாலைத் திறையாகச் செலுத்தி மீண்டவள். அவள் குருதி சொட்ட வந்தேறிய அன்று, றஊப்பின் மனையாட்டி சுபைதா அகப்பையே செங்கோலாகக் குசினி வாசலில் நின்று ஆணை பிறப்பித்தாள்:

“இஞ்ச பாருங்க, இன்னும் ஒருக்கா இது மதில் பாஞ்சு றோட்டுக்குப் போனா, குறிஞ்சாக்கேணில தங்கச்சிட ஊட்டுக்கு அனுப்பிருவன். ரத்தத்தோட தூக்க எனக்கு இனி ஏலாது.”

இடி கேட்ட நாகமென ஒடுங்கினார் றஊப். பின்னேரத் தேநீரின்போது மடிமேல் சுருண்டு கிடக்கும் அந்த இளஞ்சூடு இல்லாத கதிரையும் ஒரு கதிரையா? வீட்டுக்குள்ளேயே பூட்டி வைப்போமென்றாலோ, சன்னற்கம்பிகளுக்கிடையே முகம் புதைத்துப் பேகம் பாடிய சிறைப்பாட்டைக் கேட்டு, பக்கத்து வீட்டுச் சேவலே கூவ மறந்துபோயிற்று. முற்றம் அவளுக்கு வேண்டும். வீதி அவளுக்கு ஆகாது. ஆகவே எழுந்தார் வீரர். சாரத்தை மடித்துக் கட்டினார். முருங்கை மரமும் கோழிக்கூடும் சான்றாக முழங்கினார்:

“சுறா கிழிக்காத வலை என்னட்டக் கிடக்கு. இந்தச் சுண்டெலிக்காரி அதத் தாண்டிருவாளா? பாப்பம்!”

அதன்பின் மூண்ட போரை எங்ஙனம் உரைப்பேன்! மதிலுக்கு ஏணியாய் நின்ற முருங்கைக் கிளை முதற்பலியாக வீழ்ந்தது. வாசற் படலையின் அடியிலிருந்த இடைவெளி பலகையால் அடைபட்டது. மதிலுச்சி நெடுகிலும் இரும்புக் கம்பிகள் முற்றத்தை நோக்கித் தலைகுனிந்து, அரசவையில் வணங்கும் சிற்றரசர்போல் வரிசையாய் நின்றன. அவற்றின்மேல், வாளையும் பாரையும் கண்ணீர் வடித்த பழைய வலை, பூனைநகம் பற்றினால் தொய்யும்படி தளர்வாகத் தொங்கியது. பெருவிரல் இடையிடையே வீரத்தழும்பு பெற்றது.

அரண் முற்றியதும் பேகம் களம் புகுந்தாள். வாயில்லா வலைதானே என்று பாய்ந்தாள், வலை தொய்ந்தது, வானம் பார்க்க மல்லாந்து விழுந்தாள். மறுபுறம் பாய்ந்தாள், மறுபடியும் வானமே பார்த்தாள். பிறகு, விழுந்தது தான் அல்ல வேறெவளோ என்பதுபோல் அமர்ந்து முன்னங்காலை நக்கலானாள். வெற்றிப் பெருமிதத்தால் விம்மிய றஊப், வேம்பின் நிழலில் கதிரையிலேயே துயில் கொண்டார்.

அந்தோ! வீரர் துயில்கையில் அன்றோ விதி விழித்துக்கொள்கிறது!

விழித்து நோக்கினால், முற்றமெங்கும் மீசைகள். மீன்சந்தையை ஒற்றைக்கண்ணால் ஆளும் கடுவன், காது கிழிந்த படைத்தலைவன், குட்டிகளோடு இடம்பெயர்ந்து வந்த கொற்றவை எனப் பாலையூற்றின் பூனைச்சேனை முழுவதும், வலையின் மீன்வாடை அழைக்க, வெளிப்புறத்தால் மதிலேறி, உள்நோக்கிச் சாய்ந்த வலைமேலால் சறுக்கி, அணிவகுத்து உள்ளே வந்திருந்தது. வந்த ஒன்றேனும் திரும்பப் போகவில்லை. போகப் பாய்ந்தவையெல்லாம் வானம் பார்த்தன.

அவ்வேளை அயல்வீட்டுத் தங்கேஸ்வரி படலைக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

“றஊப் நானா, எங்கட கறுவல் பூனையக் கண்டனீங்களோ? ஐயோ, இஞ்சயெல்லோ நிக்குது! என்ன நானா, கலியாண வீடோ?” என்றவள், வலையை அண்ணாந்து நோக்கிக் கெக்கட்டமிட்டுச் சிரித்தாள். “எங்கட மனிசன் நண்டுக்கு வைக்கிற கூடு மாதிரியெல்லோ கட்டி வச்சிருக்கிறியள்! வரலாம், போக ஏலாது!”

அம்மொழி அம்பெனத் தைத்தது. வாழ்நாளெல்லாம் கூடு பின்னிய விரல்கள், வேலி கட்டச் சொன்னபோதும், எசமானைக் கேளாமல், தமக்குத் தெரிந்த ஒரே கலையையே செய்து முடித்திருந்தன!

சிரிப்பொலி கேட்டுச் சுபைதா வெளிப்பட்டாள். சேனையை நோக்கினாள், கொழுநனை நோக்கினாள். குறிஞ்சாக்கேணி றஊப்பின் கண்முன்னே ஒருகணம் தோன்றி மறைந்தது.

“பேகம் எங்க?”

கவிழ்த்த வாளியின்மேல், பூனைச் சிற்றரசர் சூழ வீற்றிருந்த பேகத்தை அவர் விரலால் சுட்டினார்.

“றோட்டுக்குப் போகல்லயா?”

“அவள் எங்க போற? ஏலாதே!”

“ஒண்டு வெளியால போகாமப் பாருங்கண்டுதான் சொன்னன். ஊர்ல உள்ளதெல்லாத்தையும் உள்ளுக்கு எடுக்கச் சொன்னனா?” என்று வினவி, நெடுநேரம் அடக்கிய நகை உதட்டோரம் உடைய, உலகம் உய்யத் தீர்ப்பளித்தாள் சுபைதா: “சரி, பேகம் இஞ்சயே இருக்கட்டும்.”

முரசு முழங்கிற்று! சங்கம் ஆர்த்தது! விண்ணோர் பூமழை பொழிந்தனர்! வலைமதில் வென்ற வேந்தர், வாகை சூடிய தலையர், ஏறுபோல் பீடு நடை நடந்து, சேனையனைத்தும் பின்தொடர்ந்து பசியோடு பண்பாட, படலைவரை சென்று...

கடைக்குப் போய்ச் சூடை மீன் வாங்கி வந்தார்.