பாட்டில் கொத்தனார் போட்ட போர்டிகோ

பேராவூரணி வட்டாரத்தில் எந்தக் கல்யாணத்திலும் யாரையும் நிம்மதியாகத் தண்ணீர் குடிக்க விடாத ஒரே மனிதர் பாட்டில் கொத்தனார்தான். பந்தியில் உட்கார்ந்தால் முதுகுக்குப் பின்னால் சாக்கோடு வந்து நிற்பார். "சீக்கிரம் குடிங்க மாமா, அடுத்த மண்டபத்துக்குப் போகணும்." அந்த அவசரத்திலேயே பலருக்கு விக்கல் வந்துவிடும்.

காலியான அந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைத் தலைமுடி கனத்துக்கு நறுக்கிக் காங்கிரீட்டில் கலப்பார். சிமென்ட், மணல், ஜல்லி, கம்பி எதிலும் குறை வைக்க மாட்டார். அதற்கும் மேல்தான் இந்த இழை. மொத்தமாகக் கொட்டினால் கட்டி கட்டியாகிவிடும் என்று, கலவை மிஷின் சுற்றச் சுற்ற, நாற்றங்காலில் விதை தெளிப்பதுபோல் தெளிப்பார். காற்றடித்தால் பாதி பக்கத்து வீட்டுச் சாம்பாரில் விழும்.

"கம்பி இருக்கையில இது எதுக்குண்ணே?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கம்பி எலும்புடா. இது நரம்பு. விரிசல் விட்டாலும் விடாம புடிச்சுக்கும்."

இத்தனைக்கும் மனிதர் சாராயத்தை மோந்துகூடப் பார்த்ததில்லை. ஆனால் அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், பஸ் ஸ்டாண்டில் விசாரித்து, "பாட்டில் வீடுங்களா?" என்ற பதிலைக் கேட்டு, வந்த பஸ்ஸிலேயே திரும்பிப் போனார்கள்.

நான் அவரிடம் சென்ட்ரிங் வேலை பார்த்தேன்; காங்கிரீட் இறுகும்வரை கூரையைத் தாங்கப் பலகையும் முட்டும் கொடுக்கிற வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். பயத்தை மட்டும் நிறுத்தத் தெரியாதவன். கூரைக்குக் கீழே நிற்கும் முட்டுக்கம்புகளை உருவும் நாளில் ஒரு காலை வெளியே வைத்துக்கொண்டுதான் உருவுவேன். அவரோ துண்டை விரித்து, கூரைக்கு நேர் கீழே மல்லாந்து படுத்துக்கொள்வார். "நீ உருவுடா. என் வேலைக்கு நான் சாட்சி." இரண்டு வீடுகளில் குறட்டையே விட்டிருக்கிறார்.

பிறகுதான் அந்த சிங்கப்பூர்க்காரர் வந்தார். லீவில் வந்து கட்டிய வீடு. போர்டிகோவுக்குக் காங்கிரீட் போட்ட பதினோராம் நாள் அவருக்குத் திரும்ப விமானம். அதற்குள் பால் காய்ச்சி, போர்டிகோவில் காரை நிறுத்தி போட்டோ எடுக்க வேண்டும்.

"முட்டுக்கம்போட பால் காய்ச்சினா மாமியார் வீட்டுல சிரிப்பாங்க. நாளைக்குப் பிரிச்சிருங்க."

"ஒம்பது நாள்தாங்க ஆகுது. இருபத்தொரு நாளாவது நிக்கணும்."

"அதான் உங்க பாட்டில் இருக்கே, புடிக்காதா?"

 ஊரெல்லாம் புடிக்கும் என்று பேசிவிட்டு, இப்போது புடிக்காது என்று சொல்லக் கொத்தனாருக்கு மனம் வரவில்லை. தாடையைச் சொறிந்தார். "புடிக்கும்" என்றார்.

மறுநாள் காலை, "வேணாம்ண்ணே" என்று கெஞ்சினேன். "உன் பயத்துக்குப் பயந்தா ஊர்ல வீடே நிக்காது" என்று துண்டை விரித்துப் படுத்தார். நானும் உருவினேன். என் கையால்தான் உருவினேன்.

நாலு கம்பு பாக்கி இருக்கும்போது மேலே முனகல் கேட்டது. கூரை நடுவில் தொய்ந்தது. விரிசல் வாய் திறந்தது. உள்ளே வெள்ளை இழைகள் இழுபட்டு நின்றன. "வெளிய ஓடுடா!" என்று கத்தினார். ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அவர் எழுந்து, ஓடாமல், அண்ணாந்து அந்த விரிசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, வாங்கண்ணே!"

"இருடா, புடிச்சிருக்கு பாரு!"

அப்புறம் விழுந்தது.

கம்பி பிடித்ததா, இழை பிடித்ததா, எனக்குத் தெரியாது. நான் வெளியே வருகிற அளவுக்கு ஏதோ பிடித்தது.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் கண் திறந்தார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகளைக் கேட்பார் என்று நினைத்தேன். என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"விழறதுக்கு முன்னாடி கூரை எவ்வளவுடா தொங்குச்சு?"

"நாலு அங்குலம் இருக்கும்ண்ணே."

"நாலா! அவ்வளவு தூரம் விடாம புடிச்சிருக்கு!" என்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. சாயங்காலம் போய்விட்டார்.

உயிருக்கு ஓடுகிறவன் எங்கே அளப்பது? வாய்க்கு வந்ததைச் சொன்னேன். சொன்னது பொய்தானே, ஒரு அடி என்று சொல்லியிருக்கலாம்.