கையில் கேக் இருந்ததால் கை தூக்க முடியவில்லை

ஆல்டர்ஃபோர்ட்,
வெள்ளிக்கிழமை

அன்பு மகள் ஹிலரிக்கு,

அப்பா ஆசிகளோடு எழுதுகிறேன். நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் முணுமுணுக்கிறது. மாப்பிள்ளைக்கும் குட்டிப்பயலுக்கும் சளி இருமல் இல்லையே?

நீங்கள் மூவரும் லண்டனில் அந்த ஒற்றை அறையில் முட்டி மோதிக்கொண்டிருப்பதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. நூலகத்துக்குப் பின்னால் கார் நிறுத்தும் இடத்தில் நகராட்சி குறைந்த வாடகைக் குடியிருப்பு கட்டினால் நீங்கள் இங்கேயே வந்துவிடலாம் என்றுதான், டை எல்லாம் மாட்டிக்கொண்டு கருத்துக் கேட்புக் கூட்டத்துக்குப் போனேன். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொரு மணி. வேலைக்குப் போகிற எவர் வருவார்? வந்தவர்கள் எல்லாரும் என்னைப்போல ஓய்வூதியமும் சொந்த வீடும் உள்ளவர்கள். முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் ஃபோலாக்கே மட்டும் சீருடையோடு ஓடி வந்தாள். "ரெண்டு பஸ் மாறி வர்றேன் சார். இந்த ஊர்லயே வீடு கிடைச்சா, புள்ளைங்க முழிச்சிருக்கும்போதே மூஞ்சியப் பார்ப்பேன்" என்றாள். பேச அவள் முறை வருவதற்குள் ஷிஃப்டுக்கு நேரமாகிப் போய்விட்டாள்.

அப்புறம் வந்தாள் வினிஃப்ரெட் பிளேக்வே, திட்டத்தை எதிர்ப்பவர்களின் தலைவி; அன்றைய கூட்டத்துக்கும் அவளே தலைவி. "கிளிஃபோர்டு, என் எலுமிச்சை கேக்கைத் தொடாம போனீங்கன்னா பேசவே மாட்டேன்!" என்று ஒரு கையில் டீயையும் மறு கையில் தட்டையும் திணித்தாள். திணித்த கையோடு, "திட்டம் வேணும்கிறவங்க கையைத் தூக்குங்க" என்றாள். உபசரித்துக் கொடுத்த கோப்பையைத் தரையில் வைப்பதா? நான் என்ன அப்படியா வளர்ந்தேன்? இரண்டு புருவத்தையும் தூக்கினேன் மகளே, முடிந்தவரைக்கும் தூக்கினேன். யாரும் எண்ணவில்லை. ஊரே ஒருமனதாக எதிர்க்கிறது என்று பதிவாகிவிட்டது. கேக் என்னவோ நன்றாகத்தான் இருந்தது.

எனக்கு வந்ததே கோபம். நகராட்சி அதிகாரியைப் பிடித்து, "ஏன் சார் எப்பவும் இந்த நேரத்துலயே வைக்கறீங்க?" என்று கேட்டேன். "வழக்கமா வர்றவங்களுக்கு இதான் வசதி சார். வராதவங்க யாரும் கூட்டத்துல எழுந்து புகார் சொல்லலியே" என்றார். நான் விடவில்லை. தினம் போய் அவர் மேசை முன்னால் உட்கார்ந்தேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் நேற்று மாலை ஏழு மணிக்கு இன்னொரு கூட்டம் வைத்தார். பஸ் ஓட்டுநர்கள், கடைச் சிப்பந்திகள், கைக்குழந்தைகளோடு தாய்மார்கள் என்று கூடம் கொள்ளவில்லை. ஃபோலாக்கே பேசியதைக் கேட்டு எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த முறை டீயைத் தொடவே இல்லை. இரண்டு கையையும் தூக்கினேன். திட்டத்துக்கு ஏகப்பட்ட ஆதரவு. இனி யார் வாயையும் யாரும் அடைக்க முடியாது. நீ தைரியமாகப் பெட்டியைக் கட்டு.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. பேரனுக்கு ஆயிரம் முத்தம். நீங்கள் எல்லாரும் சீக்கிரமே என் கண்ணெதிரே வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா கிளிஃபோர்டு

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் கட்டட வரைபடம் வந்து சேர்ந்தது. நம் வேலியை ஒட்டி நான்கு மாடியாம்! மத்தியானத்துக்கு மேல் நம் தோட்டத்தில் வெயிலே விழாது. என் தக்காளிச் செடிகள் என்ன ஆவது? நானும் வினிஃப்ரெட்டும் சேர்ந்து ஆட்சேப மனு தயார் செய்துவிட்டோம். அங்கே குடிவர இருப்பவர்களே எதிர்த்தால் மதிப்பு அதிகம் என்கிறாள். மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். நீயும் மாப்பிள்ளையும் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்புங்கள்.